நாலு விரல் மேடு

"கம்பை நாலு விரல் தூக்கிப் பிடி, போதும். உன் காலடியை எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்?"

நண்டுக் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள் நெட்டையனின் மனைவி. வாசலை ஒட்டி ஆறு கடலோடு கலந்துகொண்டிருந்தது.

ஒரு மாதமாக நெட்டையனுக்கு சர்வேயரிடம் அளவுக்கம்பு பிடிக்கிற வேலை. படகில் போய் முகத்துவாரத்தின் ஆழத்தை எடுத்தாகிவிட்டது. இனி கரையின் உயரம். இரண்டும் சேர்ந்து ஒரே வரைபடம். வெள்ளக் கோட்டுக்குக் கீழே வரும் வீடுகளைக் காலி பண்ணி, தூரத்து மேட்டில் புது வீடு தருவார்கள். கம்பைத் தரையிலிருந்து தூக்கினால், கணக்கில் தரையே அந்த அளவு உயர்ந்துவிடும்.

"நிஜமாவே வெள்ளம் வந்தா?"

"இவ்வளவு உயரமா ஒருத்தனைக் கட்டியிருக்கேனே, தோள்ல ஏறிக்கிறேன். மேட்டுல வீடு தருவாங்க, நண்டு தருவாங்களா? உன் கம்பு இந்த மாசத்தோட சரி. அப்புறம் இந்தக் கூடைதான் சோறு."



மறுநாள் தெருமுனையில் கருவியை நிறுத்தி, சர்வேயர் ஒரு கண்ணை மூடினார். நெட்டையன் தன் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பைத் தூக்கினான்.

"ஆட்டாதேப்பா. அது யார் வீடு?"

"நம்ம வீடுதான் சார்."

"கூரை ஒழுகுமா?"

"மழை பெய்ஞ்சா மட்டும் சார்."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் வரைபடத்தைத் தெருவுக்குக் காட்டினார்கள். நெட்டையன் வீடு கோட்டுக்குக் கீழே, நீல நிறத்தில் கிடந்தது.

"தூக்கினியா இல்லையா?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி.

"உன் மேல சத்தியமா, நாலு விரல்."

"அஞ்சா சொல்லித் தொலைச்சிருக்கணும்." வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சர்வேயர் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நீ வாய் திறந்து கேக்கமாட்டே, எனக்குத் தெரியும். உன் வாசல் கோட்டுக்கு மூணு விரல் மேலே வந்துச்சுப்பா. ஒழுகுற வீட்டுலயே கிடப்பியேன்னு, நான்தான் நாலு விரல் இறக்கி எழுதினேன். வெளியே சொல்லிடாதே."

நெட்டையன் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். அவன் தூக்கிய நாலும் அவர் இறக்கிய நாலும் போக, வரைபடத்தில் அவன் வாசல் இம்மி பிசகாமல் உள்ளபடியே இருந்தது, கோட்டுக்கு ஒரு விரல் கீழே.