எலுமிச்சம்பழ டிரைவர்

நாமக்கல்லில் லாரி ஓட்டப் பழக்கும் பள்ளிகள் எத்தனையோ இருக்க, கொல்லிமலை வளைவுகளில் ஏற்றிப் பழக்கும் பள்ளியைத்தான் சடையப்பன் தேடிப்பிடித்துச் சேர்ந்தான். ஆனால் லாரிகள் தாமாகவே ஓடும் காலம். அலைந்து சலித்த பிறகுதான் ஒரு வேலை கிடைத்தது.

பூசை போட்ட புது லாரி, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைத் தடையென்று நினைத்து நகர மறுத்தது. சடையப்பன் ஏறி, பழம் நசுங்கும்வரை ஓட்டினான்.

"போதும், எறங்கிக்கப்பா" என்றார் முதலாளி. லாரி தானாகக் கிளம்பிப் போனது.

மனைவி கோகிலா கைபேசியில் அழைத்தாள். "ஏனுங்க, மொத லோடு எந்தூருக்குங்க?"

"கௌஹாத்திக்கு."

"அப்ப வர ரொம்ப நாளாகுமில்லீங்க?"

லாரிப்பேட்டை மதிலுக்கு அப்பால், தங்கள் வீட்டு மொட்டைமாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டே பேசுவது தெரிந்தது.

"ஆமா புள்ள" என்றபடி, அடுத்த லாரியின் மறைவுக்கு நகர்ந்தான்.