மண் சீட்டு

"மண்ணு வரலை தம்பி. அதனால இன்னைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

கட்டிலில் சாய்ந்தபடி சீட்டக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். கை நீட்டி நின்ற பிசியோதெரபிஸ்ட் பெருமூச்சு விட்டான். ஆறடி உயரம், அகன்ற தோள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவன் 'பயில்வான்'. எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியவனுக்கு இந்த ஒல்லி அக்காவிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை.

சீட்டக்காவுக்குத் தொழிலே டாரோ சீட்டுப் பார்த்துப் பலன் சொல்வதுதான். மாடிப்படியில் உருண்டு இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வந்தவள், மாற்றுப் புடவையை மறந்தாலும் சீட்டுக்கட்டை மறக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பன்னிரண்டு நாளாயிற்று. தினமும் காலையில் சீட்டிடம் ஒரே கேள்விதான்: 'என் வீட்டுப் படியை நான் ஏறுவேனா?' தனக்குத் தானே கலைத்தால் பலிக்காதாம். பயில்வான்தான் கலைத்துக் கொடுக்க வேண்டும். மேலிருந்து நாலு சீட்டை அவள் எடுப்பாள்.

"நீங்களே பாருங்க. இது கோல், நெருப்பு. ஆசைக்குக் குறைச்சல் இல்லை. இது கிண்ணம், தண்ணி. அழுகைக்கும் குறைச்சல் இல்லை. வாள் ரெண்டு வந்திருக்கு, அது காத்து. யோசனை கொஞ்சம் ஜாஸ்தி. காசு போட்ட சீட்டுதான் மண்ணு. அதைக் காணோம். மண்ணே இல்லாம காலை எங்கே தம்பி ஊன்றது?"

"மண்ணைக் கவ்வினதாலதானேக்கா இங்கே வந்து படுத்திருக்கீங்க? இன்னும் என்ன மண்ணு வேணும்?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் இம்மியும் நகரவில்லை.

வெளியே வந்தவனைப் பெரிய டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"எலும்பெல்லாம் சரியா இருக்குப்பா. இந்த வாரத்துக்குள்ள நிக்கலைன்னா, அப்புறம் சக்கர நாற்காலிதான். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாதாமே? வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட வேண்டியதுதான்."

பயில்வானிடம் அந்த வீட்டைப் பற்றி அக்கா பேசாத நாளில்லை. ஜன்னலோரம் அவள் போட்டிருக்கும் மேஜை, மொட்டை மாடியில் காயும் துணி எல்லாம் அவனுக்கே மனப்பாடம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் நிறுத்தத்துப் புத்தகக் கடைக்கு ஓடினான். அக்காவிடம் இருந்த அதே படம் போட்ட கட்டு கிடைத்தது. அதிலிருந்து ஒரு காசுச் சீட்டை உருவி, புதுசு என்று தெரியாமலிருக்க முழங்காலில் தேய் தேயென்று தேய்த்தான். வாழ்க்கையில் பரீட்சைக்குக் கூட பிட் அடித்ததில்லை.

மறுநாள் காலை, துண்டுக்கு அடியில் சீட்டை மறைத்துக்கொண்டு கட்டைக் கலைத்தான். சீட்டை மேலிருந்து நாலாவதாகச் செருகி, திருட்டு முழி முழித்தபடி நீட்டினான்.

கோல். கிண்ணம். வாள்.

நாலாவது, காசு.

அக்கா அந்தச் சீட்டையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மண்ணு வந்துடுச்சு, இல்லையா?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"வந்துடுச்சு தம்பி. கையைக் கொடுங்க."

எழுந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். ஆனாலும் முழுசாகப் பத்து விநாடி நின்றாள். பக்கத்துக் கட்டில்காரம்மா கை தட்டினாள். அன்றிலிருந்து காலைதோறும் மண் தவறாமல் வந்தது. அக்கா கட்டிலைச் சுற்றி நடந்தாள், வராந்தாவில் நடந்தாள், ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரிப் படியையே ஏறிக் காட்டினாள்.

வீடு திரும்பும் நாளில் பயில்வான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனான். மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அக்கா நன்றி சொல்லிக்கொண்டே ஏறினாள். டாக்டருக்கு ஒன்று, நர்ஸுக்கு ஒன்று, கைப்பிடிக் கம்பிக்கு ஒன்று. வாசலுக்கு வந்து, பூட்டைத் திறந்து, ஜன்னலோர மேஜையைக் கண்ணீரோடு தடவிப் பார்த்தாள். பயில்வானுக்கும் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை தம்பி."

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எனக்குச் சொல்லாதீங்கக்கா. நான் ஒரு திருட்டு வேலை பண்ணிட்டேன். அந்த மண் சீட்டு தானா வரலை. தினமும் நான்தான் வேற கட்டுலேருந்து எடுத்துச் செருகினேன். உங்க தொழிலையே கேலி பண்ணின மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமா? பொய்ச் சீட்டுன்னு தெரிஞ்சுமா எழுந்திரிச்சீங்க?"

அக்கா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மண்ணு வந்தா எழுந்திரிச்சே ஆகணுமேங்கிற பயத்துல, என் கட்டுல இருந்த பதினாலு மண் சீட்டையும் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே கிழிச்சுப் போட்டவ நான்தான் தம்பி. இல்லாத சீட்டை எனக்காகத் தேடிக் கொண்டுவந்து வைக்க ஒரு ஆள் இருக்கார்னு தெரிஞ்சப்புறம், எப்படிப் படுத்தே கிடப்பேன்?"