காற்றுக் கதவு

தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு மசாஜ் கடைக்கு மத்தியானம் ஒரு கிழவர் வந்து, லம்துவான்தான் பிடித்துவிட வேண்டும் என்றார். பக்கத்துப் பாயில் கால் நீட்டி மாங்காய் தின்றுகொண்டிருந்த பிகுன் சிரித்தாள்.

"அக்காவுக்கும் ஆள் வருதே! பாத்துங்கய்யா, அவங்க கையில சூடே இருக்காது."

இப்படிச் சொல்லிச் சொல்லியே லம்துவானின் வாடிக்கையாளர்களையெல்லாம் தன் பாய்க்கு இழுத்துக்கொண்டவள் அவள்.

லம்துவான் மசாஜ் கலையின் குரு வைத்தியர் சிலையைக் கும்பிட்டுவிட்டு, பாயில் கண்மூடிப் படுத்த கிழவரின் வலது தொடை இடுக்கில் உள்ளங்கையை ஊன்றினாள். ரத்தத்தை அங்கே சற்று நிறுத்திவைத்துக் கையை எடுத்தால், சூடு கால்விரல் வரை பாயும். இதைத்தான் காற்றுக் கதவைத் திறப்பது என்பார்கள்.

கையை எடுத்தாள். கிழவரின் கால் ஜில்லென்றே கிடந்தது.

"ஐயோ, என் கால் சுடுது!" என்று பிகுன் வலது காலை உதறினாள். பாதம் சிவந்திருந்தது.

லம்துவான் மறுபடி ஊன்றினாள். பிகுனின் பாதம் வெளுத்தது. எடுத்தாள். சிவந்தது.

மூன்றாம் முறை உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கி, எடுக்காமல் வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பிகுன் வலது காலைத் தட்டிப் பார்த்தாள். "அக்கா, கால் இருக்கிற மாதிரியே தெரியல. வந்து கொஞ்சம் பிடிச்சு விடுக்கா."

"என் கையிலதான் சூடே இல்லையே. நீயே பிடிச்சுக்க."

பிகுனின் கால்விரல்கள் நீலம் பாரித்தன. அவள் அழ ஆரம்பித்தாள்.

கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. "சுகமா இருக்கும்மா," என்றார். "கையை எடுத்துடாத. சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இல்ல."