டயர் இல்லாத சைக்கிள்

ரசலையன் மூன்று மணி நேரமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். ஓர் அடிகூட நகரவில்லை.

பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளைக் கல்லடுக்கி ஏற்றி நிறுத்தியிருந்தான். இரண்டு சக்கரத்திலும் டயர் கிடையாது. வெறும் இரும்பு வளையத்தில் ஈரச் சாக்குத் துண்டு ஒன்று உரசிக் கருகி, ஓலைக் கொட்டகை முழுக்கப் புகைந்தது. வேர்வை சொட்டிச் சொட்டிக் கீழே மண் சேறாகி, அதில் ஈ மொய்த்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் நாராயணபெருமாள். பக்கத்துக் குளத்தில் கயிற்று நாருக்காக ஊறப்போட்ட தேங்காய்க் கதம்பை அழுகும் நாற்றம் போதாதென்று இது வேறு. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவர் ஊர் வாலிபர் சங்கத்தின் செயலாளர். 1953 டிசம்பரில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை சைக்கிள் பந்தயம். ஒரு சங்கத்துக்கு ஒரே ஆள்தான். ஜெயிக்கிறவனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை.

வந்திருந்தது இரண்டு பெயர். ஒன்று அவருடைய மகன் குமாரதாஸ். மற்றது பள்ளிக்கூடத்து வாத்தியார் சிபாரிசு செய்த இந்த ரசலையன். பார்க்காமலே பெயரை அடித்தால் ஊர் நாலு பேசும் என்பதற்காகத்தான் நாராயணபெருமாள் இவ்வளவு தூரம் நடந்து வந்தார்.

வந்தது நல்லதாகப் போயிற்று. குமாரதாஸ் விடியுமுன் கிளம்பி, ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து மிதித்துவிட்டு வருகிறவன். வழியில் டயர் போனால் மாற்றுவதற்கென்று இரண்டு டயரை முன்கூட்டியே கொண்டுவந்து தொழுவத்து உத்தரத்தில் மாட்டி வைத்திருக்கிறான். இருபது வயதில் அந்தப் பொறுப்பு வந்ததில் தகப்பனுக்குக் கொஞ்சம் பெருமைதான். இவனைப் பார், டயரே இல்லாமல் ஒரு சைக்கிள்.

"இதுக்குப் பேரு பயிற்சியாலே?" என்றார்.

"ஆமாய்யா." ரசலையனின் கால் நிற்கவில்லை. "காலைல மூணு மணிக்கூர், சாயங்காலம் மூணு மணிக்கூர்."

"செக்குமாடுகூட சுத்தியாவது வரும். நீ அதுவும் இல்ல. ஏத்தம் வந்தா என்ன செய்வ?"

"சாக்கை இறுக்கிக் கெட்டுவேன்யா. தக்கலை ஏத்தத்துக்கு ஒரு கெட்டு, மார்த்தாண்டம் ஏத்தத்துக்கு ரெண்டு கெட்டு."

"காத்துக்கு?"

"காத்துக்குத்தான் ஒரு வழியும் தெரியல."

"பந்தயத்துக்கும் இந்த எலும்புக்கூட்டைத்தான் கொண்டு வருவியா?"

"அன்னைக்கு வாத்தியார் அவருக்க சைக்கிளத் தாறேன்னு சொல்லியிருக்காரு."

உள்ளேயிருந்து அவன் அக்காள் ஜெபகுமாரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாராயணபெருமாள் வீட்டுப் பசுவுக்கு அன்றாடம் புல்லுக்கட்டு கொண்டுவந்து போடுகிறவள் அவள்தான். "வெயில்ல வந்திருக்கிய, குடிங்கய்யா" என்றாள்.

அவர் கையை மட்டும் அசைத்தார். அந்தச் செம்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றதும் பிடிக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து இரண்டு பெயரும் எழுதிய தாளையும் பேனாவையும் எடுத்தார். "ரோட்டைக் கண்டு பயப்படுகவன சங்கத்துப் பேருல எப்படிலே அனுப்ப? நாலு பேரு பாக்க ஓட்டுகதுக்குத் தைரியம் கெடையாது. ஒரு டயரு வாங்கத் துப்பு கெடையாது. வீட்டுக்குள்ள இருந்து சவுட்டுகதுக்கு வெக்கமா இல்லியா ஒனக்கு?"

ரசலையனின் கால் நின்றது. சக்கரம் மட்டும் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரோட்டுக்குப் போவணும்னா ஒங்க தெரு வழியாத்தான்யா போவணும்" என்றான். "ஆவணி மாசம் ஒரு நாள் விடியக்காலத்துல, யாரும் முழிச்சிருக்கமாட்டாவன்னு நெனச்சி, எறங்காம ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். நாலு பேரு மறிச்சிக் கீழ தள்ளுனாவ. ஒங்க ஆளுவ இந்தத் தெருவுல உருட்டிக்கிட்டுத்தான் போவணும்னு தெரியாதாலேன்னு கேட்டாவ. டயரு ரெண்டையும் கழத்தி எடுத்துக்கிட்டாவ. இனிமே சைக்கிளோட இந்தப் பக்கம் கண்டா, கால ஒடிச்சிருவோம்னு சொன்னாவ. பொறவு நான் வெளிய எடுக்கல."

நாராயணபெருமாளுக்கு அந்தத் தெரு வழக்கம் புதிதில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே இருப்பது. ஆனால் டயரைக் கழற்றுவது திருட்டு, அது வேறு விஷயம். தன் தெருவில் திருடன் என்று இவன் வாயால் கேட்டது அவருக்குச் சாணியை மிதித்தது போலிருந்தது.

"யாருலே அவனுவ?"

"மூஞ்சில துண்டு கெட்டியிருந்தாவ. தெரியாதுய்யா." ரசலையன் தலை குனிந்துகொண்டு சொன்னான்.

"ஆளு தெரியாம எங்க தெருவு மேல பழி சொல்லப்பிடாது கேட்டியா." பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். ரசலையன் என்ற பெயரின் மேல் முனையை வைத்தார். "எடுத்தவன் எவன்னு காட்டு. எவனா இருந்தாலும் சரி, நடுத்தெருவுல நிக்க வச்சிக் காறித் துப்புகேன். அவனுக்கு எந்தப் பந்தயமும் கெடையாது. இது என் வாக்கு."

தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த ஜெபகுமாரி அதைத் தரையில் வைத்தாள்.

"டயரு ரெண்டும் ஒங்க தொழுவத்துலதான் தொங்குகு, ஐயா."