துடைத்தால் போகும் பரு

டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பிடித்து மச்சானின் கன்னத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க, பக்கத்தில் இருந்த க்ரீம்காரர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

வராமல் என்ன செய்வார்? அந்தக் கன்னத்தை வைத்துத்தானே அவர் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது!

தினமும் காலையில் அவர் மனைவி, தன் தம்பியின் முகத்தில் லிப்ஸ்டிக்கையும் பவுடரையும் குழைத்து அச்சு அசலாக முகப்பரு வரைவாள். க்ரீம்காரர் ஏதாவது ஒரு தெருமுனையில் மேஜை போட்டு, "கூட்டத்துல யாராவது ஒருத்தர் வாங்க!" என்று கூவுவார். முன்பின் தெரியாதவன்போல மச்சான் முன்னால் வருவான். மெழுகும் எண்ணெயும் சென்ட்டும் சேர்த்து வீட்டு அடுப்பில் கிண்டிய ரோஸ் கலர் க்ரீமை அவன் கன்னத்தில் அப்பித் துண்டால் ஒரே இழுப்பு. வரைந்த பருவெல்லாம் துண்டோடு வந்துவிடும். ஜனம் நான் முந்தி, நீ முந்தி என்று டப்பாவுக்கு அடித்துக்கொள்ளும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு நாள் துடைத்தார், போகவில்லை. அழுத்தித் துடைத்தார், அப்போதும் போகவில்லை. இன்னும் அழுத்தினார். "ஐயோ மாமா, வலிக்குது!" என்று அலறினான் மச்சான். வரைந்த பருவுக்கு அடியில் நிஜப் பரு! முன்பின் தெரியாதவன் 'மாமா' என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மேஜையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் அதற்கப்புறம் கடையே போடவில்லை.

"என் தம்பி மூஞ்சியைச் சரி பண்ணிட்டு அப்புறம் சோத்துல கை வைங்க" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் மச்சானை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வழி நெடுக ஒரே பாடம்தான். "க்ரீம்னு வாயைத் திறந்தே, ரெண்டு பேரும் கம்பி எண்ணணும். ஞாபகம் வச்சுக்கோ!"

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"முகத்துக்கு என்ன தம்பி போடறீங்க?"

"சோப்பு... தண்ணி" என்றான் மச்சான்.

"வேற?"

"சில சமயம் தண்ணி... சோப்பு."

இவனைப் பேசவிட்டால் ஆபத்து என்று க்ரீம்காரர் குறுக்கே விழுந்தார். "இதுக்கு என்னென்ன வைத்தியம் இருக்கு மேடம்?"

"நிறைய இருக்கு. லேசான பருவுக்கு ராத்திரியில தடவ ஜெல் தருவோம். ஆரம்பத்துல எரியும், தோல் உரியும், பயப்படக் கூடாது. கிருமியை அடக்க வேற ஒரு ஜெல் இருக்கு. அது பட்டா தலையணை உறை வெளுத்துப் போகும், அதனால பழசா போட்டுக்கணும். சீழ் வச்சிருந்தா கூடவே கொஞ்ச நாளைக்கு மாத்திரை. எதுக்கும் அடங்காத பருவுக்கு வீரியமான மாத்திரை ஒண்ணு இருக்கு. ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்துத்தான் குடுப்போம். லேசர் அது இதெல்லாம் தழும்புக்கு, அப்புறம் பாத்துக்கலாம். கிள்ளவே கூடாது. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"மாசமா!" க்ரீம்காரருக்குத் தொழில் புத்தி பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஜனம் நிக்காதே மேடம்!"

"எந்த ஜனம்?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பொதுவா சொன்னேன்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையே சரியில்லை.

"இது தானா வந்த பரு மாதிரி தெரியலை. எண்ணெய்ப் பிசுக்கைத் திரும்பத் திரும்ப அப்பி, தோல்ல இருக்கிற துவாரமெல்லாம் அடைச்சுக்கிட்டு வந்திருக்கு. இதே மாதிரி ஏகப்பட்ட முகத்தைப் பாத்துட்டேன்." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து ணங்கென்று வைத்தார். உள்ளே பாதி தீர்ந்துபோன ரோஸ் கலர் க்ரீம்.

க்ரீம்காரர் மெல்லக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"எத்தனை பொண்ணுங்க, எத்தனை பசங்க இதைப் பூசிக்கிட்டு இங்க அழுதுட்டே வந்திருக்காங்க தெரியுமா? இதை வித்த ஆளை நான் தேடாத தெரு இல்லை!" என்ற டாக்டரம்மா விறுவிறுவென்று எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"இந்தக் க்ரீம் வேணாம்னு நான் அப்பவே சொன்னேனே மாமா, கேட்டீங்களா?" என்று மச்சான் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. க்ரீம்காரர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், புள்ளகுட்டிக்காரன் மேடம்! போலீஸுக்கு மட்டும் போயிடாதீங்க. இவன் மூஞ்சி இப்படி ஆனதுலேருந்து ஒரு டப்பாகூட விக்கலை. இனிமே இந்த ஜென்மத்துல விக்க மாட்டேன். என் பொண்டாட்டி மேல சத்தியம்!"

"முதல்ல எழுந்திருங்க" என்றார் டாக்டரம்மா. கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"விக்க மாட்டேன்னு சொன்னா எப்படிங்க, நீங்க கடையை மூடினதுலேருந்து நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்!"