நீலக்கோட்டைக்கு ஆறாம் பாகம்

“ரெண்டுல ஒண்ணைக் கொன்னாத்தான் இன்னொண்ணு பிழைக்கும்,” என்றார் பதிப்பாளர், டீயை ஆற்றியபடி. எதிரில் இருந்த எழுத்தாளருக்கு வியர்த்தது.

சாகப்போவது மாயாஜால நாவல் வரிசை ஒன்று. ‘கருஞ்சிறகு’ ஐந்து பாகம், ‘நீலக்கோட்டை’ ஐந்து பாகம். எல்லாவற்றின் பின்னட்டையிலும் எழுத்தாளரின் அதே புகைப்படம், மோவாயில் அதே விரல். காகிதம் விற்கிற விலையில் இனி ஒன்றுக்குத்தான் ஆறாம் பாகம்.

தீர்ப்புச் சொல்ல விமர்சகர் வந்திருந்தார். ‘நல்லா இருக்கு’ என்பதையே நாலு பக்கத்துக்கு எழுதக்கூடியவர்.

“கருஞ்சிறகில் டிராகன் பறக்கிறது,” என்று கண்ணை மூடினார். எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாசகன் பறக்கவில்லை.”

“சார், அந்த டிராகனுக்கு நான் எவ்வளவு உழைச்சிருக்கேன் தெரியுமா?”

“உழைப்பு தெரிகிறது. அதுதான் குறை.”

அப்போது எழுத்தாளரின் போன் அதிர்ந்தது. மனைவி.

“என்னங்க, எங்கம்மா பெட்டி கட்டிட்டாங்க. ஊருக்குப் போறாங்களாம். நேத்து நீங்க பேசின பேச்சு கொஞ்சநஞ்சமா?”

“போகட்டும் விடு. நானாச்சும் நிம்மதியா இருப்பேன்,” என்று அடிக்குரலில் சொல்லிவிட்டு வைத்தார்.

விமர்சகர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. “நீலக்கோட்டை அப்படியல்ல. அந்த ஓசிச் சோற்று மந்திரவாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மோவாயில் விரலை வைத்துக்கொண்டு, ராணியின் மந்திரங்களையெல்லாம் தன் மந்திரம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். ராணியும் சளைக்காமல் பாகத்துக்கு ஒரு தடவை அவனைத் தவளையாக்குகிறாள்.”

எழுத்தாளர் மோவாயிலிருந்து விரலை எடுத்தார்.

“இது சுயவிமர்சனம்! தன்னையே இப்படிக் கிழித்துத் தொங்கவிட எத்தனை துணிச்சல் வேண்டும்! உலகம் சுற்றிய ஆண்மகனின் கை ஐயா இது. வீட்டுக்குள்ளே அடைந்து கிடப்பவர்களுக்கு இதெல்லாம் வராது.”

“அப்ப முடிஞ்சுது,” என்றார் பதிப்பாளர். “கருஞ்சிறகுக்கு மாலை போட்டுடலாம். நீலக்கோட்டைக்கு இன்னும் அஞ்சு பாகம். கையெழுத்துப் போடுங்க.”

“சார், கருஞ்சிறகுக்குக் கடைசியா ஒரு வாய்ப்பு...”

“அதைப் படிச்சிட்டு என் மச்சானே என்கூடப் பேசுறதில்லை. புத்தகக் கண்காட்சிக்கு நீலக்கோட்டை ஆறாம் பாகம் என் மேசையில இருக்கணும். இல்லேன்னா நீங்க வேற கடை பார்த்துக்குங்க.”

வேறு கடைகளை எழுத்தாளர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கருஞ்சிறகோடு போய், கருஞ்சிறகோடே திரும்பி வந்திருந்தார். கையெழுத்துப் போட்டார்.

“ஆறாம் பாகத்தில் அந்த மந்திரவாதி என்ன ஆவான்?” என்று ஆவலோடு கேட்டார் விமர்சகர். “படைத்தவர் வாயாலேயே கேட்போமே.”

எழுத்தாளர் போனைப் பாய்ந்து எடுத்து, எதிரில் இருவர் இருப்பதையே மறந்து அலறினார்:

“அடியே, அத்தையைப் போக விடாதே! நீலக்கோட்டையை யாரு எழுதுவா?”