பாத்திரத்துக்கும் ஒரு பங்கு

உடப்புக் கரையில் யோகராசாவின் கரைவலையை இழுக்க எத்தனையோ விதமான ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாவல் எழுதுவதற்காக இழுக்க வந்த முதல் ஆள் அன்ரனிப்பிள்ளைதான்.

ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேர்ட்டும் சப்பாத்துமாக மணலில் புதைந்து புதைந்து வந்தார். சிலாபத்தில் ஒரு இறால் பண்ணைக் கந்தோரில் பெரிய வேலையாம். லீவு போட்டுவிட்டு நாவல் எழுதுகிறாராம். அதில் ஒரு வலைத் தொழிலாளி வருகிறானாம். அவன் படுகிற பாட்டைத் தானும் பட்டுப் பார்த்தால்தான் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் வருமாம்.

"இழுங்க சேர், கயிறு ஒண்டும் சொல்லாது" என்றார் வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியான யோகராசா.

"சம்மாட்டியார், மீனில பங்கு உண்டுதானே?"

யோகராசாவுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்கு என்னத்துக்கு சேர் பங்கு?"

"எனக்கில்லை, பாத்திரத்துக்கு. மீனை வீட்டுக்குக் கொண்டு போற சந்தோசம் எப்பிடி இருக்கும் எண்டு தெரிய வேணுமே."

அன்றிலிருந்து கரையில் அவருடைய பெயர் பாத்திரம். காலையில் தலை தெரிந்தால் போதும், சட்டி வருகிறது, பானை வருகிறது என்று பொடியன்கள் தொடங்கிவிடுவார்கள். அவர் கரையோர ஓலை வாடிக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றி, சேர்ட்டைக் கசங்காமல் மடித்து வைத்துவிட்டு, சாரத்தோடு வந்து கயிற்றைப் பிடிப்பார். பிடித்தது அவர், இழுத்தது கயிறு. முதல் கிழமையில் மட்டும் நாலு தரம் குப்புற விழுந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயிற்று. ஆனாலும் ஒருநாள் தவறவில்லை.

மத்தியானம் வாடியில் சோறும் மீன்குழம்பும். பாத்திரம் இரண்டாம் தரமும் சோற்றுக் கோப்பையை நீட்டும். அண்ணை பசியையும் அனுபவித்துப் பார்க்கிறார் என்று கூட வலை இழுக்கிற கீதன் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், சாப்பாட்டை நிறுத்தாமலே.

மூன்றாம் கிழமை மீன்பாடு குறைந்தது. பங்கு சிறுத்ததும் சிரிப்பும் நின்றது.

கீதன்தான் வாயைத் திறந்தான். "நாங்க புள்ளகுட்டிக்காரர் அண்ணை. அவர் லீவில விளையாட வந்தவர். கந்தோர்ச் சம்பளமும் எடுத்து எங்கட மீனையும் எடுக்கிறது ஞாயமா?"

ஞாயமில்லைதான். ஆனால் உரிந்த கையோடு நிற்கிற மனிதனிடம் முகத்துக்கு நேரே இனி வராதீர்கள் என்று சொல்ல யோகராசாவுக்கு வாய் வரவில்லை. பாத்திரத்தின் மனுசிக்காரியிடம் சொன்னால் அவள் மறித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அடுத்த நாள் வலையைக் கீதனிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை சிலாபத்துக்கு விட்டார். கோயிலுக்குப் பின்னால் வீடு என்று பாத்திரமே ஒருநாள் சொல்லியிருந்தது.

கதவைத் திறந்தவள் அவருடைய மனுசி திரேசா. அவர் கந்தோருக்குப் போய்விட்டார் என்றாள்.

யோகராசா முழித்தார். "லீவில நிண்டு ஏதோ கதை எழுதுறாராமே?"

திரேசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் உடப்புச் சம்மாட்டியாரோ?"

"ஓம்."

கதிரையில் இருக்கச் சொன்னாள். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "கதையோ? அந்த மனுசன் கடைச் சாமான் துண்டையே என்னைக் கொண்டுதான் எழுதுவிக்கிறவர்."

பிறகு குரலை இறக்கி, உள்ளே பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னாள். பண்ணையைப் பூட்டி எட்டு மாதமாயிற்று. வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. பண்ணைக் காவலாளியின் மனுசி சந்தையில் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். இன்றைக்கும் காலையில் சேர்ட்டும் சப்பாத்துமாகப் புறப்படுகிறார். பின்னேரம் மீனோடு வந்து கந்தோரில் தந்தார்கள் என்கிறார். காற்சட்டைப் பொக்கற்றில் மணலும் உடப்பு பஸ் டிக்கட்டும் கிடக்கிறது. கையைக் காட்டாமல் கரண்டியால் சாப்பிடுகிறார்.

"முந்தி எங்க போய் இருந்திட்டு வந்தாரோ தெரியாது. இந்த மூண்டு கிழமையாத்தான் ஒழுங்கா நித்திரை கொள்ளுறார். நான் கேட்டா உடைஞ்சு போவார், அதுதான் கேக்கயில்லை." கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் என்ன விசயமா வந்தனீங்கள் அண்ணை?"

"வலைக்கு நூல் வாங்க வந்தன் தங்கச்சி. சும்மா இந்தப் பக்கம் எட்டிப் பாத்தன்."

வந்ததற்கு ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பினார். திரும்புகிற வழியில் ஒரு கடையில் மட்டும் நின்றார்.

மறுநாள் கரைக்கு வந்ததும் வராததுமாக, ஆளிடம் பேசியாயிற்றா என்று கீதன் கேட்டான். பேசியாயிற்று, கதை நினைத்ததைவிட நீளமாம், இந்தப் பருவம் முடியும்வரை போகுமாம் என்றார் யோகராசா. கீதன் முறைத்தான். பாத்திரத்தின் பங்கு இனிச் சம்மாட்டிப் பங்கிலிருந்துதான் போகும் என்றதும், அண்ணைக்கு இலக்கியத்தில் இவ்வளவு பைத்தியமா என்று முணுமுணுத்தபடி கயிற்றடிக்குப் போனான்.

யோகராசா வாடிக்குள் நுழைந்தார். அன்ரனிப்பிள்ளை சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு புதுக் கொப்பியையும் பேனையையும் வைத்தார்.

"கதை எழுத வந்த ஆள் இடைக்கிடை எதையாவது கிறுக்கவும் வேணும் சேர். பொடியன்களுக்குச் சந்தேகம் வரப் பாக்குது."